சீர்வரிசையில் ஒரு கருவிப்பெட்டியும் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முகூர்த்த மாதம் நெருங்கினாலே மணமக்களுக்கு என்ன பரிசு கொடுக்கலாம் என்று பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக வருகிறது. வெள்ளிக் குங்குமச்சிமிழ், ஏர் ஃபிரையர், கைக்கடிகாரம், சுவரில் மாட்டும் படம், இப்படி. அவற்றை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பட்டியல்களில் ஒருமுறைகூட நான் பார்க்காத ஒரு பொருளைப் பற்றி உங்கள் வாசகர்களிடம் சொல்ல ஆசைப்படுகிறேன்: மரத்தில், கையால், குடும்பத்தார் சேர்ந்து செய்த ஒரு கருவிப்பெட்டி, உள்ளே உருப்படியான கருவிகளோடு. அதைப் பையனுக்குக் கொடுப்பது போலவே பெண்ணுக்கும் கொடுக்கவேண்டும், முடிந்தால் சீர்த்தட்டுகளோடு சேர்த்தே வைக்கவேண்டும் என்பது என் கட்சி.

எந்த வீட்டுக்காவது போய் ஒரு திருப்புளி கேட்டுப் பாருங்கள். ஃபிரிட்ஜ் மேலே பார், டிவி ஸ்டாண்டுக்குக் கீழே பார், பழைய பிஸ்கட் டப்பாவில் பார் என்று வீடே தேடும், கடைசியில் முனை மழுங்கிய ஒன்று கிடைக்கும், அதைத் திருகினால் ஸ்க்ரூ தலைதான் தேயும். ஆணி அடிக்கக் குழவிக்கல்லை எடுப்பவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். குழாயில் ஒரு வாஷர் மாற்றுவதற்கு ஆள் தேடி இரண்டு நாள் காத்திருந்து, அதுவரை வாளியை வைத்துச் சொட்டுத் தண்ணீர் பிடிக்கிறார்கள். இவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை, கருவி இல்லை, இருந்தாலும் அது எங்கே இருக்கிறது என்று தெரியாது, அவ்வளவுதான். கருவிக்கு என்று ஓர் இடம் வந்துவிட்டால் வீட்டில் வேலை தானாக நடக்கும் என்பதைப் பல வீடுகளில் கண்ணால் பார்த்தவன் நான்.

நான் அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் தச்சுப் பிரிவில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன். என் தம்பி மகளுக்குப் போன தையில் கல்யாணம். சின்ன வயதிலேயே மிக்ஸியைக் கழற்றிப் பார்த்து அம்மாவிடம் அடி வாங்கிய பெண் அவள். தேதி குறித்த அன்றைக்கே என்னிடம் வந்து, "பெரியப்பா, நகை நட்டெல்லாம் அப்பா பாத்துப்பாங்க, நீங்க எனக்கு ஒரு டூல்ஸ் பெட்டி செஞ்சு குடுங்க, கடையில விக்கிற தகரப் பெட்டி வேண்டாம்" என்றாள். செய்துவிடலாம், ஆனால் நீயும் கூட இருந்து அறுக்கணும், இழைக்கணும் என்றேன். சரி என்றாள்.

அதே சமயத்தில் திருவிடைமருதூர் பக்கம் எங்கள் பூர்விக வீட்டை இடிக்கிற ஏற்பாடும் நடந்துகொண்டிருந்தது. இடிப்பு வேலை எப்படி நடக்கும் என்று கிராமத்து வீடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ஒப்பந்தக்காரர் வந்து நிலை, கதவு, ஜன்னல், தூண், உத்திரம் எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்து மொத்தமாக ஒரு விலை சொல்வார், இல்லையென்றால் மரத்தையும் கல்லையும் நான் எடுத்துக்கொள்கிறேன், இடிக்கக் கூலி வேண்டாம் என்பார். நாமும் தலைவலி விட்டது என்று தலையாட்டிவிடுவோம். தம்பியும் அப்படித்தான், "அண்ணே, முழுசா குடுத்தாத்தான் ரேட்டு" என்றான். வாசல் கதவின் இரண்டு பலகைகளையும் அடுப்படிப் பரணில் கிடந்த ஒரு பலாப் பலகையையும் மட்டும் எனக்கு விட்டுவிடு, மற்றதை உன் இஷ்டம் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், அந்தக் கதவு பர்மா தேக்கு. அந்தக் காலத்தில் காட்டில் தானாக நின்று முற்றிய மரத்தை வெட்டி, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். இன்றைக்குக் கடையில் கிடைக்கும் தேக்கு பெரும்பாலும் தோட்டத்து மரம், சீக்கிரம் வெட்டியது, வைரம் என்கிற முற்றிய உள்மரம் குறைவு, ஓரத்தில் வெள்ளை அதிகம். மியான்மர் அரசு 2014 ஏப்ரல் முதல் தேக்கை உருட்டுக்கட்டையாக ஏற்றுமதி செய்வதையே தடை செய்துவிட்டது. ஆக நம் தாத்தா வீட்டு நிலையிலும் கதவிலும் இருக்கிற மாதிரி மரத்தை இனி புதிதாக வாங்குவது லேசான காரியம் இல்லை. அதை மொத்த விலைக்குத் தள்ளிவிட்டுப் பெண்ணுக்குத் துகள்பலகை பீரோ வாங்கிக் கொடுக்கிறோம். மழைக்காலத்தில் அது கீழே ஊறி உப்பி நிற்கும்.

ஒரு கருவிப்பெட்டிக்கு எவ்வளவு மரம் வேண்டும் தெரியுமா? உள்ளளவு நீளம் 24 அங்குலம், அகலம் 11, உயரம் 11, பலகைக் கனம் முக்கால் அங்குலம் என்று வைத்தால் சேதாரம் சேர்த்து ஒரு கன அடி போதும். ஒரு கதவுப் பலகையிலேயே வந்துவிடும். மற்றதையெல்லாம் விற்றுக்கொள்ளுங்கள், ஒரு கன அடியை மட்டும் நிறுத்தி வையுங்கள் என்றுதான் இந்த ஊர்ப் பக்கம் வீடு இடிக்கிற எல்லோரிடமும் நான் சொல்லி வருகிறேன்.

பழைய மரத்தில் கை வைக்கும் முன் இரண்டு விஷயம். முதலாவது பெயின்ட். எங்கள் கதவில் பச்சை எனாமல், அதற்கு அடியில் நீலம், அதற்கும் அடியில் காவி என்று அடுக்கடுக்காக இருந்தது. பழைய பெயின்டில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) அளவைத் தாண்டக்கூடாது என்கிற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய பெயின்டின் மேல் காய்ந்த உப்புத்தாளைப் போட்டுத் தேய்க்கவே கூடாது, அந்தத் தூள் மூச்சில் போகும், தரையில் தவழும் குழந்தையின் கைக்குப் போகும். பெயின்ட் ரிமூவர் பூசி, ஊறவிட்டு, ஈரமாக இருக்கும்போதே சுரண்டி, சுரண்டியதைப் பேப்பரில் சுருட்டிக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். முகத்தில் வெறும் கைக்குட்டை போதாது, நல்ல மாஸ்க் வேண்டும், கைக்கு உறை வேண்டும். குழந்தைகளை அந்தப் பக்கமே விடக்கூடாது.

இரண்டாவது ஆணி. நூறு வருஷத்துக் கதவில் வெளியே தெரிகிற ஆணியைவிட உள்ளே முறிந்து கிடக்கிற ஆணி அதிகம். ஒரு நல்ல காந்தத்தைப் பலகை மேல் மெதுவாக நகர்த்தினாலே காட்டிக் கொடுத்துவிடும். அதைச் செய்யாமல் அறுவை மில்லுக்குக் கொண்டுபோனால் பிளேடு போகும், மில்காரர் அடுத்த தடவை பழைய மரம் என்றாலே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவார்.

பெயின்ட் போய், ஆணி போய், பலகையைப் பட்டறை மேஜையில் போட்டு இழைப்புளியை ஓட்டினால், மேலே சாம்பல் நிறத்தில் செத்த மரம் போல இருந்தது இரண்டாவது இழுப்பிலேயே தேன் நிறத்துக்கு வந்துவிட்டது. அந்த வாசனை இருக்கிறதே, தோல் வாசனையும் எண்ணெய் வாசனையும் கலந்த மாதிரி, அவ்வளவு வருஷம் கழித்தும் அப்படியே வந்தது. மகள் ஒரு சீவலை எடுத்து முகர்ந்துவிட்டுத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு, கரையான் கிட்டே வராததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அதே பசைதான் ஒட்டுவதற்கு எதிரி. இழைத்து ரொம்ப நாள் போட்டு வைத்துவிட்டு அப்புறம் பெவிகால் தடவினால் பிடிப்பு இருக்காது, இழைத்த அன்றைக்கே ஒட்டிவிட வேண்டும். தேக்கு உளியையும் சீக்கிரம் மழுக்கும், மரத்துக்குள்ளே மணல் மாதிரி சிலிக்கா இருக்கிறது, அதனால் சாணைக்கல்லைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது.

இனி மூலைகள். பெட்டி என்றாலே மூலைதான் விஷயம். ஆணி அடித்த மூலை, ஸ்க்ரூ போட்ட மூலை எல்லாம் பத்து கிலோ இருபது கிலோ இரும்பைச் சுமந்துகொண்டு பல வருஷம் நிற்காது. டவ்டெயில் என்று பட்டறையில் சொல்லும் இணைப்பைத்தான் போடவேண்டும். ஒரு பலகையின் முனையில் புறா வால் விரிந்த மாதிரி பற்கள், அடுத்த பலகையில் அந்தப் பற்கள் போய் உட்காரும் பள்ளங்கள். ஒரே ஒரு திசையில்தான் அது கழலும், மற்ற எந்தப் பக்கம் இழுத்தாலும் இன்னும் இறுகும். பிற்காலத்தில் பசையே விட்டுப்போனாலும் மூலை பிரியாது. பல்லின் சரிவு மென்மரமாக இருந்தால் ஆறுக்கு ஒன்று, தேக்கு மாதிரி கெட்டி மரத்துக்கு எட்டுக்கு ஒன்று. சரிவு அதிகமாகிவிட்டால் பல்லின் ஓர நுனி தெறித்துவிடும், குறைந்துவிட்டால் பிடிப்பு இருக்காது.

இதை அவளே வெட்டினாள். முதலில் கழிவுக் கட்டைகளில் வெட்டிப் பழகி, கை நிதானம் வந்த பிறகுதான் நல்ல பலகையைத் தொடவிட்டேன். மூலைமட்டம் வைத்துப் பென்சிலால் கோடு போட்டால் போதாது, கூரான கத்தியால் கீறவேண்டும், அந்தக் கீறலில்தான் உளியின் வாய் போய்த் தானாக உட்காரும். ரம்பத்தைக் கோட்டின் மேல் விடக்கூடாது, கழிவுப் பக்கம் ஒட்டியே விடவேண்டும், கோடு பாதி நம் பக்கம் தெரியவேண்டும். பள்ளத்தைப் பொளிக்கும்போது ஒரே பக்கத்திலிருந்து அடித்துக்கொண்டே போனால் மறுபக்கம் சிம்பு பிய்ந்து வரும், பாதி வரை போய்ப் பலகையைத் திருப்பிப் போட்டு மறுபாதி. "பெரியப்பா, இதை வெட்டினா திரும்ப ஒட்ட முடியாதுல்ல?" என்று முதல் பல்லுக்கு முன்னால் கேட்டாள். முடியாது, அதனால்தான் ஒருமுறை வெட்ட மூன்று முறை அளக்கிறோம் என்றேன். அப்புறம் அவள் கேட்கவில்லை, அளந்துகொண்டே இருந்தாள்.

இரண்டு பலகையையும் சேர்த்துக் கொட்டாப்புளியால் தட்டும்போது சத்தத்தைக் கவனிக்கவேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்வேன். பல் இறங்கிக்கொண்டிருக்கும்வரை ஒரு வெற்றுச் சத்தம் வரும், அடிவரை போய் உட்கார்ந்ததும் சத்தம் கனத்துவிடும், இரண்டு மரமும் ஒரே மரமாகிவிட்ட மாதிரி ஒரு சத்தம். அதற்கு மேல் ஓர் அடிகூட வைக்கக்கூடாது. முதல் மூலையில் அந்தச் சத்தம் மாறியபோது நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளே கொட்டாப்புளியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தைப் பார்க்கத்தான் நான் இத்தனை வருஷம் இந்த வேலையில் இருந்தேன் என்று எனக்குத் தோன்றியது.

அடிப்பலகைக்குப் பலாவைப் போட்டோம். பலா வாங்கும்போது மஞ்சளாக இருக்கும், வருஷம் போகப் போகச் செம்பழுப்பாக மாறும், எங்கள் பரண் பலகை ஏற்கெனவே அந்த நிறத்துக்கு வந்திருந்தது. அடியை நாலு பக்கமும் பசை போட்டு ஒட்டவே கூடாது. மரம் நீளவாக்கில் அநேகமாக அசையாது, அகலவாக்கில் ஐப்பசி கார்த்திகையில் ஈரத்தைக் குடித்து விரியும், சித்திரை வெயிலில் சுருங்கும். ஒட்டிவிட்டால் அது அசைய இடமில்லாமல் நடுவில் வெடிக்கும், அல்லது மூலையைத் தள்ளிப் பிரிக்கும். அதனால் சுற்றுப் பலகைகளின் உள்பக்கம் காடி என்கிற நீளப் பள்ளம் எடுத்து, அடிப்பலகையை அதில் சும்மா சொருகிவிட்டோம், இரண்டு ஓரமும் கொஞ்சம் மூச்சுவிட இடத்தோடு. வெளியே அடியில் இரண்டு ரீப்பர் வைத்துப் பெட்டியைத் தரையிலிருந்து தூக்கிவிட்டோம், வீடு துடைக்கிற தண்ணீர் மரத்தைத் தொடாது.

மூடி, உள்தட்டு இதெல்லாம் அதிகம் விவரிக்கத் தேவையில்லை. உள்ளே மேல்பாதியில் முன்னும் பின்னும் நகர்கிற ஒரு தட்டு, சின்னச் சாமான்களுக்கு. பித்தளைக் கீல், பித்தளைக் கொண்டி. மூடி தானாக விழுந்து விரலில் படாமல் இருக்க ஒரு சிறு சங்கிலி, இதை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள், அந்த மூடி கனமானது. காலிப் பெட்டியே பத்து கிலோவுக்குப் பக்கத்தில் வரும் என்பதால் இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும், நிரப்பிய பிறகு இரண்டு பேர்தான் தூக்கவேண்டும்.

வெளியே பாலிஷ், அவலரக்கை (ஷெல்லாக்) ஸ்பிரிட்டில் ஊறவைத்துப் பஞ்சைத் துணியில் பொட்டலம் கட்டித் தொட்டுத் தொட்டுத் தேய்க்கிற பழைய முறைதான். மெல்லிசாகப் பல தடவை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. சிலர் ஆளிவிதை எண்ணெய் போடுவார்கள், அழகாகத்தான் இருக்கும், ஆனால் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள், அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், தண்ணீரில் நனைத்து வெளியே விரித்துப் போடவேண்டும். பெட்டிக்குள்ளே எண்ணெயே வேண்டாம், மூடிய இடத்தில் சிக்கு வாடை நிற்கும். நாங்கள் உள்பக்கம் வெறும் மரமாகவே விட்டுவிட்டோம்.

அவள் போகிற வீடு சென்னையில் கடற்கரைக்குப் பக்கத்தில். உப்புக் காற்றில் இரும்பு நிலைக்காது. பழைய ஆசாரிகள் செய்வது போல ஒரு கற்பூரக் கட்டியைத் துணியில் முடிந்து பெட்டியின் மூலையில் வைத்தோம், துருவைத் தள்ளிப்போடும். தையல் மிஷின் எண்ணெய் தொட்ட ஒரு துணியும் உள்ளே இருக்கிறது, வேலை முடிந்ததும் உளியையும் ரம்பத்தையும் ஒரு துடை துடைத்துவிட்டு வைக்கவேண்டும். குழந்தை உள்ள வீடானால் கற்பூரம் கைக்கு எட்டவே கூடாது, வாயில் போட்டால் வலிப்பு வரைக்கும் கொண்டுபோய் விடும். எங்கள் பெட்டிக்குப் பூட்டும் சாவியும் உண்டு.

உள்ளே என்ன வைத்தோம்? ஒரு சுத்தியல், ஒரு கட்டிங் பிளேயர், டெஸ்டர், தட்டை முனையும் ஸ்டார் முனையும் பெரிதும் சிறிதுமாக நாலு திருப்புளி, ஒரு சரிசெய்யும் ஸ்பானர், அரை அங்குல உளி ஒன்று, ஒரு அங்குல உளி ஒன்று, கைரம்பம், ஓர் அரம், டேப், மூலைமட்டம், ரசமட்டம், சாணைக்கல். அப்புறம் என் கையிலேயே தேய்ந்து பளபளத்துப்போன மர இழைப்புளி. இதை மட்டும் நான் கடையில் வாங்கவில்லை. நூற்றுப் பதினைந்து சாமான் அடங்கிய செட் என்று டப்பாவில் போட்டு விற்கிறார்களே, அதை வாங்காதீர்கள் என்பது என் தாழ்மையான வேண்டுகோள். அதில் பாதி ஒருநாளும் வெளியே வராது, வருகிற பாதி முதல் இறுக்கத்திலேயே வழுக்கும். பத்து சாமான் வாங்கினாலும் கெட்டியாக வாங்குங்கள், மிச்சத்தை அந்தப் பிள்ளை தன் தேவைக்கு ஏற்ப ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளும், பெட்டியில் இடம் இருக்கிறது.

எதிர்ப்பும் வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இதே பேச்சு எல்லா வீட்டிலும் வரும். சீர் அடுக்கும் அன்று சொந்தத்தில் ஒரு பெரியவர், இரும்பைச் சீராகக் கொடுக்கக் கூடாது, சனி கூடவே போகும் என்றார். தோசைக்கல் எதில் செய்தது மாமா, அரிவாள்மனை எதில் செய்தது என்று கேட்டேன். இரண்டும் அதோ மூன்றாவது தட்டில் இருந்தன. தேங்காய் உடைக்கிற கத்தியும் இருந்தது. சமையலுக்குப் போகிற இரும்புக்கு இல்லாத தோஷம் ஸ்க்ரூ முடுக்குகிற இரும்புக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? அவர் மனசும் நோகக்கூடாது என்று வழக்கப்படி அவள் கையால் ஒரு ரூபாய் வாங்கிக்கொண்டு பெட்டியைக் கொடுத்தேன், விலை கொடுத்து வாங்கியதாக ஆகிவிட்டது, அவரும் சமாதானமாகிவிட்டார். இன்னொரு பேச்சு எனக்கு அதிகம் வருத்தம் தந்தது. "இதெல்லாம் மாப்பிள்ளைக்குத்தானே?" என்று பலபேர் கேட்டார்கள். இல்லை, இது பெண்ணுக்கு. மூடியின் உள்பக்கம் அவள் பெயரைத்தான் உளியால் செதுக்கியிருக்கிறது. மாப்பிள்ளைப் பையன் நல்ல பையன், "நான் கேட்டா கடன் குடுப்பாங்க" என்று பக்கத்தில் நின்று சொன்னான்.

பெண்ணுக்கு நகை போடுகிறோம், அது லாக்கருக்குள் போய்விடும். பாத்திரம் கொடுக்கிறோம், அது அவளை அடுப்படியிலேயே நிறுத்துகிறது. தாழ்ப்பாள் கழன்றால் தானே முடுக்கவும், சுவிட்ச் போர்டைக் கழற்றும் முன் மெயினை அணைத்து டெஸ்டர் வைத்துப் பார்க்கவும் தெரிந்த பெண், யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. நான் வேலையில் இருந்தபோது தச்சுப் பிரிவுக்கு வந்து சேர்ந்த பெண் பிள்ளைகள் ரொம்பக் குறைவு, வந்தவர்கள் ஒருவர்கூடச் சோடை போகவில்லை. கோடு போடுவதில் அவர்களிடம் இருந்த பொறுமை பல பையன்களிடம் இருக்கவில்லை.

கருவிப்பெட்டி எவ்வளவு காலம் நிற்கும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஸ்வீடன் நாட்டின் கோட்லாந்து தீவில் மேஸ்டர்மீர் என்ற இடத்தில் 1936இல் ஒரு விவசாயி உழுதுகொண்டிருந்தபோது கலப்பையில் ஏதோ தட்டியிருக்கிறது. தோண்டினால் ஓக் மரப்பெட்டி, சுற்றிலும் இரும்புச் சங்கிலி, ஏறக்குறைய 90 செ.மீ. நீளம். உள்ளே சுத்தியல், ரம்பம், அரம், கோடரி, துளையிடும் கருவி, இடுக்கி என்று இருநூறுக்கும் மேற்பட்ட பொருள்கள், ஏறத்தாழ ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய வைக்கிங் காலத்துத் தொழிலாளி ஒருவருடையவை. சதுப்பு நிலத்துக்குள் காற்றுப் படாமல் கிடந்ததால் மரம்கூட மக்காமல் இருந்தது. இப்போது ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதன் படத்தை வகுப்பில் காட்டும்போதெல்லாம் பையன்கள் முதலில் கேட்பது, "சார், இது நம்ம அரம் மாதிரியே இருக்கே" என்பதுதான். இருக்கத்தான் செய்யும், கை மாறவில்லையே.

பழைய வீடு இல்லாதவர்கள், மரம் கிடைக்காதவர்கள் என்ன செய்வது? வேப்பம்பலகை நல்லது, பூச்சி அண்டாது, கடைந்தெடுத்த கசப்பு அதற்குக் காவல். பூவரசு, வாகை எல்லாம் போடலாம், நன்றாகக் காய்ந்ததாக இருக்கவேண்டும். மாம்பலகை மலிவு என்று எடுக்காதீர்கள், வண்டு துளைக்கும். அதுவும் முடியாவிட்டால் பிளைவுட் போட்டும் செய்யலாம், தப்பே இல்லை, ஐ.எஸ். தர எண் 303 என்று முத்திரை இருப்பதை விட்டுவிட்டு 710 போட்ட தண்ணீர் தாங்கும் பலகையாகப் பார்த்து வாங்குங்கள், மூலையில் சட்டம் கொடுத்துச் சேருங்கள், பிளைவுட்டின் ஓரத்தில் ஸ்க்ரூ பிடிக்காது. பக்கத்தில் இருக்கிற ஆசாரியிடம் போய்க் கூலி கொடுத்துச் செய்யச் சொன்னாலும் சரி, ஆனால் பிள்ளையைக் கூட அனுப்புங்கள், ஒரு பலகையையாவது அது இழைக்கட்டும். மாடுலர் வேலை வந்த பிறகு கையால் பல் வெட்டத் தெரிந்த ஆசாரிகளுக்கு அந்த வேலையே வருவதில்லை, இப்படி ஒரு பெட்டி கேட்டு யாராவது வந்து நின்றால் அவர்கள் காட்டுகிற சந்தோஷம் தனி.

கடைசியாக ஒரு கோரிக்கை, இதை அரசின் காதில் போடுவதற்காகத்தான் தனியாக எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். பல ஊர்களில் தொழிற்பயிற்சி நிலையங்களில் தச்சுப் பட்டறை இருக்கிறது, நல்ல மேஜைகள், பட்டறைக் கவ்விகள், சாணை மிஷின் எல்லாம் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அவை பூட்டிக் கிடக்கின்றன. ஓய்வுபெற்ற பயிற்றுநர்கள் என்னைப் போல எல்லா ஊரிலும் இருக்கிறோம், ஞாயிறு காலை மூன்று மணி நேரம் பட்டறையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டால் சம்பளம் இல்லாமலே வந்து சொல்லிக்கொடுப்போம். அப்பாவும் மகளும், தாத்தாவும் பேரனுமாக வரட்டும், சொந்த மரத்தைக் கொண்டுவரட்டும். பாதுகாப்பு, பொறுப்பு என்று அதிகாரிகள் யோசிப்பார்கள், நியாயம்தான், கைக்கருவிகள் மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம், மிஷின் பக்கம் யாரும் போகவேண்டாம். நம் கருவிப்பெட்டிக்குக் கைக்கருவிகளே போதும்.

கும்பகோணம், திருவிடைமருதூர், பாபநாசம் பக்கம் வீடு இடிக்கிறவர்கள் யாராவது ஒரு கன அடி மரத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு இது தேறுமா என்று காட்ட விரும்பினால், என் முகவரி உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது, தயங்காமல் கொடுத்துவிடுங்கள். வரும்போது பெயின்டைச் சுரண்டாமல் அப்படியே கொண்டுவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தச்சுப் பயிற்றுநர்,
கும்பகோணம்.